பன்னிரண்டு புள்ளி ஆறு

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் சாய்த்ததும் மஹ்ரூப் கேட்ட முதல் கேள்வி காரைப் பற்றியதுதான்.

"கறுப்பு வயரக் கழட்டினியா?"

மனைவி றலியாவுக்கு விளங்கவில்லை. பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துபோன மனிதர், நாக்குக் கொஞ்சம் குழறப் பேசுகிறவர், வேறு எதையோ கேட்க வந்து வாய் தவறிவிட்டதாக்கும் என்று நினைத்தாள். தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு இடது கையால் யன்னலைக் காட்டினார். யன்னலுக்கு அந்தப் பக்கம், வீட்டுச் சுவரோடு சேர்த்து இறக்கிய தகரக் கூரைக்குக் கீழே, அவருடைய வெள்ளைக் கார் நின்றது.

"பெட்டரி செத்துரும் புள்ள. நிக்கிற வண்டி சும்மா நிக்கிறல்ல. உள்ளுக்க மணிக்கூடு ஓடுது, ரேடியோ முழிச்சிட்டு ஈக்குது. எல்லாம் சேந்து கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சிரும்."

அக்குறணையில் மஹ்ரூபின் காரைத் தெரியாதவர்கள் குறைவு. கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறவர்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதும், வருகிறவர்களைப் பெட்டி படுக்கையோடு வீடு சேர்ப்பதும்தான் அவர் தொழில். கடுகண்ணாவை மலை வளைவுகளில் பனி மூடிக் கிடக்கும்போதும் அவருடைய வண்டியில் ஆட்கள் பயமில்லாமல் தூங்கிப் போவார்கள். கல்யாணம் கட்டிய நாள் தொட்டு அவர் வீட்டில் இருந்த நேரத்தைவிட ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருந்த நேரம்தான் கூட. வீட்டுக்கு வந்தாலும் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். மகள் ரிஸ்னா பிறந்து வளர்ந்து தெல்தோட்டையில் வாழ்க்கைப்பட்டுப் போகும் வரைக்கும், றலியா கணவனோடு ஆற அமர உட்கார்ந்து கதைத்த நாட்கள் மிகக் கொஞ்சம்.

அவள் ஸ்பெனரை எடுத்துக்கொண்டு போனாள். அதுவரை அந்தக் காரின் பொனட்டை அவள் திறந்ததில்லை. யன்னலுக்குள்ளிருந்து மஹ்ரூப் சொல்லச் சொல்ல, எங்கேயோ இருந்த கொக்கியைத் தேடி, விரலை நசுக்கிக்கொண்டு, ஒருவழியாகத் தூக்கி நிறுத்தினாள்.

"ரெண்டு முனை ஈக்குது. எதைக் கழட்டுற?"

"கோடு மட்டும் போட்டது. கூட்டல் போட்டதுல கை வெச்சிராத. மெதுவாச் சுத்து. அவசரம் ஒண்டும் இல்ல."

அவர் அப்படிப் பொறுமையாகப் பேசி அவள் கேட்டதில்லை. நட்டு இளகி, வயர் கையோடு வந்தபோது, "அல்ஹம்துலில்லாஹ்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. றலியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதிலிருந்து கார் அவள் பொறுப்பாயிற்று. கிழமைக்கு ஒரு தரம் அவருடைய வோல்ட் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் முனைகளில் வைத்துப் பார்த்து, வந்து எண்ணைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு புள்ளி ஆறு என்றால் பெட்டரி நிறைந்திருக்கிறது. பன்னிரண்டு புள்ளி நாலுக்கு இறங்கினால் சார்ஜரைக் கொடுக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது பொனட் திறந்தே இருக்க வேண்டும், கிட்ட நெருப்பு ஆகாது. மழைக்காலத்து ஈரத்தில் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காய்ந்த பிறகு வஸ்லின் பூச வேண்டும். மூடிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, தகடு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தால் பெட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது.

"ஒவ்வொரு நாளும் காலையில கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டினாப் போதாதா? அடுத்த வீட்டுல அப்பிடித்தானே செய்ற" என்று ஒருநாள் கேட்டாள்.

"அது கேடு. ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட்ட வண்டி ஓடித்தான் திருப்பிக் குடுக்கணும். அஞ்சு நிமிஷத்துல நிப்பாட்டினா, எடுத்தது எடுத்ததுதான்."

அதனால் மாதத்துக்கு ஒரு தரம் ஹுதைபா வருவான். சந்தியில் கராஜ் வைத்திருப்பவன், மஹ்ரூபை நானா என்றும் றலியாவை ராத்தா என்றும், அண்ணன் அக்கா முறையில் கூப்பிட்டே வளர்ந்தவன். றலியா வயரைப் பூட்டிக் கொடுப்பாள், அவன் காரைக் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருவான். அவன் சாவியைத் திருப்பும் நேரத்தில் மஹ்ரூப் யன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொள்வார். அந்தக் கார் ஒரே திருப்பில் பிடிக்காது. ஒரு தரம் இழுத்து, தொண்டையைச் செருமுவதுபோல முனகி, பிறகுதான் பிடிக்கும்.

"கேட்டியா? அந்த இழுவை பெட்டரிக்கு வயசு போன இழுவை. ஆனா கெட்டிக்காரன். விடமாட்டான்."

காலையில் சுபஹு தொழுத கையோடு, பிசியோதெரப்பியில் கொடுத்த ரப்பர் பந்தை வலது உள்ளங்கையில் வைத்து அமுக்கப் பார்ப்பார். விரல்கள் கொஞ்சம் மடியும். சில நாட்களில் மடியாது. "கியரைப் போடுற அளவுக்கு இடது கை ஈக்குது. வலது கை ஸ்டீரிங்கப் புடிச்சாப் போதும். கால் அதுக்குப் பிறகு வரும்" என்பார். றலியா தலையாட்டுவாள். இரவுச் சோறு முடிந்த பிறகும் பெட்டரியைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கதையிலிருந்து அவர் போன பாதைகள் வரும், ஏற்றிப் போன ஆட்கள் வருவார்கள். மகனை விமான நிலையத்தில் விட்டுவிட்டு, பேராதனை வரைக்கும் ஒரு சொல்லும் பேசாமல் வந்த கலஹா ஊர்த் தாய் ஒருத்தியைப் பற்றி அவர் சொன்னபோது, இந்த மனிதர் இதையெல்லாம் எங்கே வைத்துக்கொண்டு என்னோடு பேசாமல் இருந்தார் என்று றலியா ஆச்சரியப்பட்டாள். வருத்தத்துக்கு நடுவில் அந்த நாட்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

ஒரு கிளினிக் நாளில் டொக்டர் அவளை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். மெதுவான சிங்களத்தில், அவளுக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். வரவேண்டிய முன்னேற்றம் வந்து முடிந்துவிட்டது. இனி கை வராது. பாரிசவாதம் இன்னொரு தரம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் இனி உள்ள வேலை. வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் நினைக்கவே வேண்டாம்.

திரும்பும்போது திரீவீல் ஆட்டோவில் மஹ்ரூப் கேட்டார்.

"என்னவாம்?"

"நல்லமாம். பந்த விடாம அமுக்கட்டாம்."

அவர் திருப்தியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் றலியா நேரே காரடிக்குப் போய் மீட்டரை வைத்துப் பார்த்தாள். அன்றைக்குப் பார்க்க வேண்டிய நாள் இல்லை. எண் சரியாக இருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

பாரிசவாதம் இரண்டாவது தரம் வந்தது ஒரு பின்நேரத்தில். ஹுதைபா காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "நான் வாறன் ராத்தா" என்று அப்போதுதான் போயிருந்தான். றலியா முன்கதவைத் திறந்து, சீட்டிலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் வயரைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். மஹ்ரூப் கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவில் கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவில் இருந்தது. அம்புலன்ஸ், கண்டி ஆஸ்பத்திரி வார்டு, மர வாங்கில் உட்கார்ந்தபடி தூங்கிய தூக்கம், தெல்தோட்டையிலிருந்து கைப்பிள்ளையோடு வந்து நின்ற ரிஸ்னா. மஹ்ரூப் பிழைத்துக்கொண்டார். பேச்சுத்தான் போய்விட்டது. பல நாட்களுக்குப் பிறகு ஒன்றிரண்டு சொற்கள் திரும்பி வந்தன. அதிலும் முதல் சொல் "கார்".

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, படுக்க வைத்துவிட்டு, றலியா காரடிக்குப் போனாள். முன்கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. துடைத்த துணி சீட்டுக்குக் கீழே கிடந்தது. கூரையில் இருக்கும் சின்ன லைட் அத்தனை நாளும் எரிந்து, எரிய ஒன்றும் இல்லாமல் அணைந்துபோயிருந்தது. கறுப்பு வயர் பூட்டியபடியே இருந்தது. மீட்டரை வைத்தாள். எண் மூன்றில் நின்றது. கம்பியை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். மூன்றுதான்.

மஹ்ரூப் தூங்கும் நேரம் பார்த்து ஹுதைபா பெட்டரியைக் கழற்றிக் கராஜுக்குக் கொண்டுபோனான். இரண்டு நாள் அவனுடைய பெரிய சார்ஜரில் போட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்தான். வாசலில் நின்றபடி, உள்ளே கேட்காத குரலில் பேசினான்.

"ஏலா ராத்தா. ஏத்தினா ஏறுது, எடுத்தா இறங்குது. காஞ்சு கெடந்ததுல உள்ளுக்க தகடெல்லாம் வெள்ளையாப் படிஞ்சு போயிட்டு. பழசுதானே. இனி அத ஒண்டும் செய்ய ஏலா."

"சார்ஜர இன்னும் கொஞ்சம் நாளைக்கு வெச்சுப் பாத்தா?"

"வெச்சாலும் இதுதான்." அவன் தரையைப் பார்த்தான். "புதுசு ஒண்டு போடலாம். ஆனா அதையும் நீங்கதான் இப்பிடி உக்காந்து பாக்கணும். ஆருக்கு ராத்தா?"

அவன் கேட்டது தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கோபம் வந்தது.

உள்ளே போனபோது மஹ்ரூப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை போர்வைக்கு மேலே எழுந்தது.

"பெ... பெட்டரி?"

"நல்லா ஈக்குது" என்றாள். "பன்னிரண்டு புள்ளி ஆறு."

அந்தச் சொல் அவ்வளவு லேசாக வாயிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகும் கிழமைக்கு ஒரு தரம் அவள் மீட்டரை எடுத்துக்கொண்டு போனாள். அவர் யன்னல் வழியாகப் பார்க்கிறார் என்பதால் பொனட்டைத் தூக்கி நிறுத்தினாள். பெட்டரி இருந்த இடத்தில் ஒரு வெற்றுத் தட்டும், காற்றில் தொங்கும் இரண்டு வயர்களும் இருந்தன. அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் குனிந்து நிற்பாள். துணியால் எதையாவது துடைப்பாள். பிறகு உள்ளே போய் எண்ணைச் சொல்லுவாள். ஒரே எண்ணைச் சொன்னால் சந்தேகம் வரும் என்று சில தரம் புள்ளி ஐந்து என்றாள். அன்றைக்கெல்லாம் அவர் முகம் வாடும். "சார்ஜ்" என்பார். சார்ஜரையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள். அடுத்த நாள் புள்ளி ஆறு என்று சொன்னால் முகம் தெளியும். அந்தத் தெளிவுக்காகத்தான் பொய் சொல்கிறோமா, அல்லது அவர் கேட்கப்போகிற மற்றக் கேள்விக்குப் பயந்து சொல்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு ஜும்ஆ நாள். தொழுகை முடிந்து ஆட்கள் கீழே ரோட்டில் போகிற சத்தம் கேட்டது. மஹ்ரூப் காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு யன்னலைக் காட்டினார்.

"ஸ்டார்ட்."

"என்னது?"

"ஸ்டார்ட். கேக்கணும்."

"இண்டைக்கா? ஹுதைபா இல்லாம எப்பிடி?"

"கூப்புடு."

அவர் அப்படி எதையும் வற்புறுத்திக் கேட்டு வெகுநாள் ஆகிவிட்டது. கண்ணில் ஒரு பிள்ளையின் ஆசை இருந்தது. றலியா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஹுதைபாவுக்குப் போன் எடுத்தாள்.

"கராஜ்ல வேற பெட்டரி ஒண்டு ஈக்குதா தம்பி? அரை மணித்தியாலத்துக்குப் போதும்."

அந்தப் பக்கம் அவன் ஸ்பெனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "கொண்டு வாறன் ராத்தா. பின்பக்கத்தால வாறன்" என்றான்.

அவன் பெட்டரியைச் சாக்கில் சுற்றி, சுவரை ஒட்டிக் குனிந்து கொண்டுவந்தான். யன்னலுக்குத் தெரியாத பக்கமாக நின்று பூட்டினான். றலியா கட்டிலடியில் வந்து உட்கார்ந்து மஹ்ரூபின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே சாவி திரும்பியது.

கார் ஒரே திருப்பில் பிடித்தது. இழுவையும் இல்லை, முனகலும் இல்லை. புது வண்டிபோலச் சட்டென்று உறுமி ஓடத் தொடங்கியது.

மஹ்ரூபின் கை அவள் கைக்குள் அசையாமல் இருந்தது. அவர் சிரிப்பார் என்று அவள் முகத்தைப் பார்த்தாள். அவர் யன்னலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற" என்றார்.

"என்ன வேற? அதேதான்."

"வேற பெட்டரி."

"இல்ல. சார்ஜ் பண்ணினதானே, அதான் நல்லாப் புடிக்குது..."

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று ஒரு தரம்தான் ஆட்டினார். கையை அவள் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டார். வெளியே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹுதைபா இன்னும் கொஞ்சம் அமுக்கிச் சத்தத்தைக் கூட்டிக் காட்டினான். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் றலியா எழுந்து யன்னலடிக்குப் போய், "நிப்பாட்டுங்க தம்பி, போதும்" என்றாள்.

சத்தம் நின்றது. அவள் திரும்பி வந்து நின்றாள்.

"நீங்க வார்டுல ஈக்கக்குள்ள செத்துப் போயிட்டு" என்றாள். "கதவு சரியாச் சாத்துப்படல்ல. நான் வயரக் கழட்டல்ல. நீங்க விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தேன். பிறகு நினைவே வரல்ல."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாய் எதையோ தேடி அசைந்தது. வெகுநேரம் அசைந்தது. உதட்டோரம் வடிந்த எச்சிலை அவள் துடைக்கப் போனபோது, கையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"டொக்டர். அண்டைக்கு. என்ன... சொன்ன?"

றலியா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று கேட்ட ஒவ்வொரு சிங்களச் சொல்லும் அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. ஹுதைபா வெளியே பொனட்டை மெதுவாக மூடுகிற சத்தம் வந்தது. இன்னொரு பொய் சொல்லலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவர் பார்த்த பார்வையில் அதற்கு இடம் இல்லை.

"கை வராதாம்" என்றாள். "வண்டி ஓட்டுறத நினைக்க வேணாமாம்."

"எப்ப?"

"மிச்சம் நாளாச்சு. ரெண்டாந் தரம் வாறதுக்கு முந்தியே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அழவில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாரோ என்று அவள் குனிந்து பார்த்தபோது, இமைக்குக் கீழே விழி அசைந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு அவள் ரப்பர் பந்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மடியவில்லை. பந்து உருண்டு தரையில் விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது. அவர் முயற்சியே செய்யவில்லை என்று அவளுக்கு விளங்கியது. நாலைந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

அவர் அவள்மேல் வெறுப்புக் காட்டவில்லை. ஊட்டினால் சாப்பிட்டார். உடம்பு துடைத்தால் திரும்பிக் கொடுத்தார். எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மாலையில் கட்டிலடியில் உட்கார்ந்து எதையாவது கதைக்கலாம் என்று றலியா பார்ப்பாள். ரிஸ்னாவின் பிள்ளை தவழ்கிறது என்பாள். கீழே ஆறு பெருகியிருக்கிறது, கடைக்காரர்கள் சாமான்களை மேலே தூக்கி வைக்கிறார்கள் என்பாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவளுக்கே சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விடும். அந்த இரும்புப் பெட்டியும் அதன் தண்ணீரும் முனைகளும் போன பிறகு, தங்களுக்குள் பேச வேறு ஒன்றையும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கவில்லை.

காரைக் கொடுத்துவிடலாம் என்று ரிஸ்னாதான் சொன்னாள்.

"உம்மா, அது நிண்டு நிண்டே கெட்டுப் போகும். டயரும் தட்டையாகிட்டு. வாப்பாட்ட நான் கேக்கிறேன்."

கேட்டாள். மஹ்ரூப் மகளைப் பார்த்து இடது கையை ஒரு தரம் அசைத்தார். எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரி இருந்தது. ரிஸ்னா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.

வாங்கியவன் மாத்தளைப் பக்கத்து இளைஞன். தன் பெட்டரியைத் தானே கொண்டுவந்து போட்டான். பின்னுக்கு எடுக்கும்போது கியரைக் கரகரவென்று இழுத்தான். ஒடுக்கமான பாதையில் சுவரில் உரசிவிடுமோ என்று ஹுதைபா பின்னால் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கரகரப்புச் சத்தத்துக்கு மஹ்ரூபின் முகம் சுருங்குமென்று றலியா எதிர்பார்த்தாள். சுருங்கவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கார் இறக்கத்தில் இறங்கி, மெயின் ரோட்டின் இரைச்சலோடு கலந்து, எது எந்த வண்டி என்று தெரியாமல் போயிற்று.

அடுத்த மாதம், கீழே பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் நஸீப், காலியான அந்தத் தகரக் கொட்டிலைச் சாமான் வைக்கத் தருவீர்களா என்று கேட்டு வந்தார். ஆறு பெருகும் நேரத்தில் கடையில் எதையும் கீழே வைக்க முடியவில்லை என்றார். றலியா மஹ்ரூபைக் கேட்காமலே சரி என்றாள்.

இரண்டு பேர் வந்து பெட்டிகளை அடுக்கினார்கள். பேசின்கள், வாளிகள், கதிரைகள். அடுக்கு உயர்ந்து யன்னலின் பாதியை மறைத்தது. அறைக்குள் வெளிச்சம் குறைந்தது. "கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லட்டா?" என்று றலியா கேட்டாள். மஹ்ரூப் யன்னல் பக்கம் திரும்பவேயில்லை. அவள் பகல் நேரத்திலேயே லைட்டைப் போட்டு, அவருக்குக் கஞ்சி கரைக்கக் குசினிக்குப் போனாள்.